ஜிகினாத் தாலி

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளியை ஒன்பது ஆண்கள் கொண்ட கமிட்டி நடத்தியது. ஒன்பது பேரும் மைக் கிடைத்தால் பெண் விடுதலை பேசுவார்கள். வீட்டில் பெண்டாட்டி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தால் முறைப்பார்கள். ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே டீச்சர். வயது இருபத்து மூன்று, வாய் மட்டும் அறுபது.

ஆண்டுவிழாவுக்கு நாடகம் கேட்டார்கள். ஒரு விதவை மறுமணம் செய்துகொள்ளும் கதையை எழுதினேன். ஊரைத் திருத்தும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. பள்ளி டக்‌ஷாப்பில் இடைவேளையில் பிள்ளைகளுக்கு மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்ற பெண்ணுக்காக எழுதினேன். அவளுக்கு என் வயதுதான். புருஷன் துறைமுகத்தில் அடிபட்டுச் செத்து மூன்று வருஷம். ரொட்டி வேன் ஓட்டிய ஒருவர் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளுக்கும் ஆசை. ஆனால் அவள் இருந்தது மூத்தார் வீட்டில், அதாவது செத்துப்போன புருஷனின் அண்ணன் வீட்டில்.

"நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு பார்க்கிறவரு டீச்சர் அவரு. நாடகத்துக்கு வருவாரு. ஜனம் கை தட்டிடுச்சுன்னா மெதுவா பேச்ச எடுத்துடுவேன்," என்றாள்.

ஒத்திகை பார்க்கக் கமிட்டி வந்தது. பெண்பிள்ளைகளை மேடையேற்றக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அதனால் விதவையாக நடித்தது ஆறாம் வகுப்புப் பையன், மாப்பிள்ளையும் பையன். தாலி என்பது மஞ்சள் தடவிய நூலில் தொங்கிய ஜிகினாத் தாள். அதைக் கண்டதும் ஒன்பது முகமும் கறுத்தது. பொய்த் தாலியும் தாலிதானாம். மூன்று முடிச்சு விழுந்தால் விழுந்ததுதானாம். விதவையாக நடித்த பையனின் அம்மா வேறு, "எம்புள்ளைக்கு நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பயலுக்கு!

தாலி வேண்டாம், மாலை போதும் என்றார் ஒருவர். மாலையும் தோஷம் என்றார் இன்னொருவர். வெள்ளைக்காரன் மாதிரி கைகுலுக்கட்டுமே என்றார் மூன்றாமவர். தொடுவதா என்று எல்லாரும் அவரை அதட்டினார்கள். தலைவர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"மறுகல்யாணப் பேச்சு வந்ததும் அந்தப் பொண்ணு வெஷம் குடிச்சுச் செத்துடட்டும்மா. யாருக்கும் சங்கடம் இல்ல லா."

யாருக்கும் சங்கடம் இல்லையாம்! தாலி கட்டினால் பையனுக்குத் தோஷம். விஷம் குடித்துச் செத்தால் ஒன்றும் இல்லை. அவன் அம்மாவே தலையாட்டினாள். த்தூ, இதுகளும் ஒரு சபை என்று காறித் துப்பினேன், மனதுக்குள்தான். என் வேலையை நிரந்தரமாக்கும் விஷயம் அடுத்த கூட்டத்தில் வருகிறது என்று தலைவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றே விஷக் காட்சியை எழுதினேன். நன்றாக எழுதினேன் என்பதுதான் கேவலம். டக்‌ஷாப் பெண்ணிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

விழாவன்று பையன் துடிதுடித்துச் செத்தான். மண்டபமே மூக்கைச் சிந்தியது. கமிட்டி எழுந்து நின்று கை தட்டியது. அவள் பெண்கள் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். வெளியே வரும்போது அவளுடைய மூத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பார்த்தியாம்மா, மானமுள்ள பொம்பள எப்படிப் போய்ச் சேர்ந்தா!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை டக்‌ஷாப்புக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

"வேன்காரர இனிமே வர வேணாம்னு சொல்லிட்டேன் டீச்சர். ஜனம் அவ்வளவு கை தட்டுச்சே."

திட்டியிருந்தால் தேவலை. எப்போதும்போல் தேத்தண்ணி கலக்கி, கிளாஸின் அடியைத் துடைத்து நீட்டினாள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தேன்.