பசி என்ற கட்டம்

அக்காவுக்குக் கல்லீரலிலும் புற்று பரவிவிட்டது என்று தெரிந்த பிறகு, வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. கனடாவில் இருக்கும் அவள் மகள் எப்போது கிளம்பி வர வேண்டும்? அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நீண்ட லீவு. சீக்கிரம் வந்து, அம்மாவை அந்த நிலையில் விட்டுவிட்டுத் திரும்பவும் மனசில்லை. தாமதமாக வந்து சவப்பெட்டியைப் பார்க்கவும் மனசில்லை.

இதற்குப் பதில் சொல்லத்தான் ஆஸ்பத்திரியில் ஒரு ஆப் வைத்திருந்தார்கள். நோயாளியின் விவரங்களைத் தட்டினால் இன்னும் எவ்வளவு காலம் என்று சொல்லிவிடுமாம். எத்தனை மேதாவிகள் கூடிச் செய்தார்களோ தெரியவில்லை. அதைக் கையில் வைத்திருந்த இளம் டாக்டர் வடநாட்டுக்காரர். பெங்களூருக்கு வந்து கன்னடத்தில் நாலு வாக்கியம் கற்றிருந்தார். அந்தப் பெருமை முகத்தில் தெரிந்தது.

அக்கா முப்பது வருஷம் டீச்சராக இருந்தவள். அன்று இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போவதுபோல் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டி, பின் குத்தி, பவுடர் பூசிக்கொண்டாள். ஆடுகோடி வீட்டிலிருந்து ஆட்டோவில் கண்ணை மூடி என் தோளில் சாய்ந்தே வந்தவள், வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவரை முறைத்தாள். நடந்தே உள்ளே போனாள். டாக்டர் அதைப் பார்த்து, மெச்சி, ஆப்பில் நடமாட்டம் என்ற கட்டத்தில் 'நன்று' என்று தட்டினார். பிறகு அக்காவைப் பார்த்து, "ஊட்டா ஆய்த்தாம்மா?" என்றார்.

சாப்பிட்டாச்சா என்ற இந்தக் கேள்வி எங்கள் ஊரில் வணக்கத்துக்குச் சமம். பஸ் ஸ்டாப்பில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள். பட்டினியில் மயங்கி விழப்போகிறவனும் "ஆய்த்து" என்றுதான் சொல்வான். அக்காவும் சிரித்த முகமாக, "ஆய்த்து டாக்டர்" என்றாள். முந்தின நாள் முழுக்க அவள் குடித்தது இரண்டு ஸ்பூன் கஞ்சி. பசி என்ற கட்டத்திலும் 'நன்று' என்று தட்டினார் அந்த மகானுபாவர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வாய் இல்லையா? இருந்தது. பொம்மசந்திரா கம்பெனியில் அளவைத் தப்பாக எழுதுகிற ஆட்களை இருபது வருஷம் காய்ச்சி எடுத்த வாய்தான். டாக்டர் முன்னால் அக்காவைப் பொய்க்காரி ஆக்குவதா என்று கௌரவமாக மூடிக்கொண்டேன். நாலு மாதம் என்றது ஆப். டாக்டர் அதைக் கட்டங்களோடு சேர்த்துத் தாளில் அச்சடித்தே கொடுத்தார்.

தாளைப் படமெடுத்து அனுப்பினேன். மகள் கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டாள். அக்கா தாளை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, இந்த வருஷம் கேக்குக்கு முன்னாடியே சொல்லி வைக்கச் சொன்னாள். பதினெட்டாம் நாள் காலையில் போய்விட்டாள்.

மகள் பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்புதான் வந்து சேர்ந்தாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பைபிளிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மாமா, பசி நல்லா இருக்குன்னு போட்டிருக்கே. அன்னிக்கு அம்மா நெஜமாவே சாப்ட்டாங்களா?"

அந்த ஆப்பையும் டாக்டரையும் அதுவரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தவன் நான். தாளைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நல்லா சாப்ட்டாம்மா" என்றேன்.