நான் ஓட்டினால் மட்டும் நிற்கும் கார்

தொண்ணூறுகளின் கடைசியில் லிங்கராஜபுரத்தில் இருந்தோம். நான் டீச்சர். எங்கள் பழைய கார் நான் ஓட்டும்போது மட்டும் திடீர் திடீரென்று நின்றுவிடும். கணவர் ஓட்டினாலோ மெக்கானிக் சலீம் பாய் ஓட்டினாலோ நிற்காது. "உனக்கு கிளட்ச் மிதிக்கத் தெரியல" என்பார் கணவர். நானும் அதை நம்பிவிட்டேன்.

ஒருநாள் ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் ஓடிவந்து தள்ளிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கேட் மூடியது. அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்க வேண்டும்.

அழாத குறையாக சலீம் பாயிடம் போனேன். "நீங்களே ஓட்டுங்க டீச்சரம்மா, நான் பக்கத்துல உக்கார்றேன்" என்றார். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் இன்ஜின் நின்றது. அவர் என் காலைப் பார்க்கவில்லை, சாவியைப் பார்த்தார். வீடு, பீரோ, ஸ்கூல் அலமாரி, சர்ச் ஹால் என்று பதினைந்து சாவிகள் அதோடு தொங்கின. வண்டி குலுங்கும்போது அந்தக் கனம், சாவி போடும் இடத்தில் தேய்ந்துபோயிருந்த சுவிட்சை ஆஃப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. கணவரிடம் இருந்தது தனிச் சாவி. ரிப்பேருக்கு விடும்போதெல்லாம் கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தவள் நானேதான்!

சுவிட்சை மாற்றியாயிற்று. கார் சாவியோடு இப்போது வேறெதையும் மாட்டுவதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை திரும்பத் திரும்பக் கணக்கைத் தப்பாகப் போட்டால் திட்டுவதும் இல்லை. "நீயே போடு, நான் பக்கத்துல உக்கார்றேன்" என்கிறேன்.