மகுடம் பொறித்த பாஸ்போர்ட்

விசா புதுப்பித்து வந்த அன்று, கிரீஸ் படிந்த விரல்களை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் ஃபோர்மேன் அண்ணன் தன் பாஸ்போர்ட்டை என்னிடம் காட்டினார். அட்டையில் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கிய மகுடம். அபுதாபி முசஃபாவில் லாரி பழுதுபார்க்கும் எங்கள் கராஜில் அப்படியொன்றை வைத்திருந்த தமிழர் அவர் ஒருவர்தான். "லண்டன் பார்ட்டி" என்று கூட இருந்தவர்கள் கேலி பேசுவார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

அவர் பினாங்குக்காரர். அந்தத் தீவு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தபோது அவருடைய அப்பா அங்கே பிறந்தவர். மலேசியா விடுதலை பெற்ற பிறகும் அந்தப் பழைய உறவு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு, கடல்கடந்த பிரிட்டிஷ் குடிமகன் என்ற பெயரோடு மகனுக்கும் வந்திருந்தது. மகளை லண்டனில் படிக்கவைக்கலாம் என்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பி, மலேசியக் குடியுரிமை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு இந்தப் பாஸ்போர்ட்டை வாங்கினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதை வைத்துக்கொண்டு பிரிட்டனில் குடியிருக்க முடியாது என்று. விட்டதைத் திரும்பக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. "ராஜா நம்மள தன் ஆளுன்னுதான் சொல்வாரு தம்பி. வீட்டுக்குள்ள மட்டும் விடமாட்டாரு" என்றார். இந்த வேலை விசா ஒன்றுதான் அவருக்கு நிற்க இடம் கொடுத்தது.

பிறகு கராஜை மூடினார்கள். மற்றவர்களுக்கு டிக்கெட் போட்ட ஆபீஸ்காரர் அவரைப் பார்த்து விழித்தார். "உங்களுக்கு எந்த ஊருக்குப் போடுறது?"

"எங்க எறங்க விடுவாங்களோ, அங்க போடுங்க."

அப்படி ஓர் ஊர் இல்லை. அறுபதைத் தொட்டவருக்கு வேறு கம்பெனி விசா கொடுக்கவும் இல்லை. எனக்குப் பக்கத்துக் கராஜில் வேலை கிடைத்தது. அவரை என் ரூமிலேயே வைத்துக்கொண்டேன். சோறாக்கி வைப்பார். போலீஸ் பயத்தில் வெளியே இறங்கமாட்டார்.

போன வருடம் மகள் விசிட் விசாவில் வந்தாள். அவர் பள்ளிச் சீருடையில் விட்டுவிட்டு வந்த பெண், இப்போது பினாங்கில் டீச்சர். சாப்பிட்டு முடித்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்து, அவர்கள் ஊர்ப் பேச்சில் கூப்பிட்டாள். "வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம் லா."

அண்ணன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். "நீ கெளம்பும்மா. பிளைட்டு போயிரும்."

அவளை டாக்ஸியில் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, அவர் அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்றும் என் ரூமில்தான் இருக்கிறார். அடுத்த மாதத்தோடு என் வேலையும் முடிகிறது. நான் ஊருக்குப் போகவேண்டும். அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.