காய்கறித் தட்டில் ஒரு ராணி

ஃபோல்க்மார் டீட்ஸே லைப்ஸிக் நகரில் டிராம் ஓட்டியவர். பயணி ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்துவார் என்று அவருக்குப் பெயர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்ட பிறகு, தினமும் காலையில் போய் அவரைத் துடைத்து உடுத்திவிடுவது என் வேலை. வாயைத் திறந்தால் வசவு. வீட்டில் பெட்டியில் வளர்க்கும் எறும்புகளிடம் மட்டும் மெதுவாகப் பேசுவார்.

ஒரே ராணியிலிருந்து பெருக்கிய கூட்டம் அது. கறுப்புடம்பும் செம்பழுப்பு இடையுமாகப் பெரிய எறும்புகள். வசந்தத்தில் தேன் கலந்த தண்ணீர், கோடையில் அடித்த ஈ. வெளியே ஏறாமலிருக்கப் பெட்டி விளிம்பில் எண்ணெய் தடவுவார், ஒற்றைக் கையால். இலையுதிர் காலத்தில் அவை தீனியை நிறுத்தியதும், ஜிப்சத்தில் வார்த்த கூட்டோடு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டுக்குப் போகும். குளிரில் உறங்கினால்தான் ராணி அடுத்த வருடம் ஒழுங்காக முட்டையிடுமாம். கூட்டின் ஈரமும் காயக் கூடாது. எறும்பைக் கண்டால் வெந்நீர் ஊற்றுகிறவள் நான். அவர் கத்துவதைக் கேட்பதைவிடக் கூட்டுக்குத் தண்ணீர் விடுவது சுலபம் என்று விட்டேன்.

அவரை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட மகள் ஹைக்கே முட்டி மோதிக்கொண்டிருந்தாள்.

“ஒரு பூச்சியப் பாத்துக்கவே இன்னொருத்தர் வேணும். உங்களை நீங்களே பாத்துப்பீங்களாக்கும்!”

“வசந்தத்துல வந்து பாரு. ராணி உயிரோட இருந்தா இல்லத்தப் பத்தி நீ மூச்சு விடக் கூடாது.”

“செத்துக் கிடந்தா?”

“நீ சொல்ற இடத்துக்கு வரேன். இப்ப கிளம்பு.”

கிறிஸ்துமஸுக்கு ஹைக்கே சமைக்க வந்தாள். பண்டிகை முடியும்வரை நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முடிந்து நான் போனபோது ஃபிரிட்ஜ் வினிகர் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று இருந்தது. காய்கறித் தட்டில் சிவப்பு முட்டைக்கோஸும் மிச்ச வாத்தும். கூடு, டீட்ஸே எட்டிப் பார்க்க முடியாத படுக்கையறை ஜன்னலில், கொதிக்கும் ஹீட்டருக்கு நேர் மேலே. ஜிப்சம் காய்ந்து வெளுத்திருந்தது. எறும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடின.

“வாத்து வைக்க இடமில்ல சிஸ்டர். குளிர்ல விறைச்சுக் கிடந்துச்சுங்க. நல்லதுதானே பண்ணேன்?” என்றாள் ஹைக்கே.

கூடத்து நாற்காலியிலிருந்து டீட்ஸே கத்தினார்: “வெளிய போடி!”

“போறேன். வசந்தத்துல வரேன். பந்தயம் நீங்க கட்டினதுதான்.”

கூட்டை நனைத்து, மாடிப்படியின் குளிரில் கொஞ்சம் வைத்திருந்து, பிறகு தட்டுக்குத் திருப்பினேன்.

மார்ச்சில் வெளியே எடுத்தோம். வேலைக்கார எறும்புகள் நடமாடின. இரண்டு எறும்புகள் ராணியைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்தன. அதன் வயிறு சுருங்கி ஒட்டியிருந்தது.

“எடுத்துடுங்க சிஸ்டர்.”

“குப்பையிலயா?”

“பின்ன, சர்ச்சுலயா?”

அந்த வாரமே ஹைக்கே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்தாள். “எங்க உங்க ராணி?”

டீட்ஸே தலை பெருத்த வேலைக்கார எறும்பு ஒன்றைக் காட்டினார். “அதோ. மண்டையப் பாத்தாலே தெரியலையா?”

“அசிங்கமா இருக்கு.”

“நம்ம குடும்ப ஜாடை.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “நிஜமாவா சிஸ்டர்?”

“நான் உங்க அப்பாவத் துடைச்சு விட வந்தவ. எறும்பப் பத்தி அவரையே கேளுங்க.”

“சரி. இனிமே இல்லத்தப் பத்தி நான் வாயத் திறக்கல” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. கீழே வாசற்கதவு அறைந்து மூடும்வரை டீட்ஸே அசையவில்லை.

“இத்தனை வருஷமா வீட்ல இருக்கு. ராணி எதுன்னு ஒரு தடவை பாத்திருக்காளா?”

ராணி இல்லாவிட்டாலும் மிச்சம் உள்ளவை இன்னொரு குளிர்காலம் தாங்கும் என்றார். அதற்குள் புது ராணி ஒன்றைப் பிடித்துத் தனிக் கூட்டம் தொடங்க வேண்டுமாம். ஜூன் வெயிலில் புது ராணிகள் பறக்குமாம். பூங்காவுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் நான் தள்ளிக்கொண்டு போக வேண்டுமாம்.

“அது என் வேலையில சேராது.”

“சேராதுதான். என்னிக்குப் போறோம்?”