வாபஸ் வாங்காத பிராது

என் தங்கை சிந்தாமணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை விருத்தாசலத்தில் மட்டுமல்ல, திட்டக்குடி வரைக்கும் தேடினாலும் பார்க்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் டிரைவர் முகத்தை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். ஆசையாகக் குக்கர் வாங்கிக் கொடுத்தேன். அது விசிலடிக்கிற நேரமெல்லாம் தெருவில் போய் நின்றுகொண்டாள். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். எனக்குப் பொறுமையும் கிடையாது, வாயும் சும்மா இருக்காது. "நீயெல்லாம் எப்படிடி குடும்பம் நடத்துற?" என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். ஆனால் அவள் மகள் அன்பரசி விஷயத்தில் மட்டும் நான் கேலி பேசியதில்லை.

அன்பரசிக்கு ஏழு வயதிருக்கும்போது, எண்பத்தொன்பதில், முதல்முறை வலிப்பு வந்தது. ஸ்கூலுக்குத் தலை வாரிக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே சரிந்தாள். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. சிந்தாமணி போட்ட அலறல் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டு வரை கேட்டு நான் ஓடினேன். அதற்கப்புறம் மாதத்துக்கு இரண்டு முறையாவது வந்தது. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். சிந்தாமணி மாத்திரையையும் கொடுத்தாள், மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய்க் கொளஞ்சியப்பரிடம் பிராதும் கட்டினாள்.

எங்கள் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாதவன் உண்டு. கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டாதவன் அபூர்வம். பேர், ஊர், குறை எல்லாவற்றையும் தாளில் எழுதிச் சாமி முன்னால் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வர வேண்டும். கோயிலிலிருந்து நம் ஊர் எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தக்கபடி காசு. சாமி நம் ஊருக்கு வந்துபோகிற பயணப்படி அது. குறை தீர்ந்ததும் மறுபடி போய், தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும்.

மூன்றே மாதத்தில் வலிப்பு நின்றது. சிந்தாமணி வாபஸ் வாங்கவில்லை.

"ஏன்டி, வாங்காம வுட்டா தப்புடி" என்றேன்.

"கேஸு முடிஞ்சிபோச்சின்னு சாமி கௌம்பிட்டார்னா என்னாண்ணே பண்றது? அது பாட்டுக்குத் தெறந்தே கெடக்கட்டும். அவுரு பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

நான்கு வருஷம் அந்தச் சாமியை வீட்டுக்குப் போகவிடாமல் டூட்டியிலேயே நிறுத்தி வைத்திருந்தாள் என் தங்கை. நடுவில், இவ்வளவு நாளாக வரவில்லையே என்று டாக்டரும் கொஞ்சம் கொஞ்சமாக மாத்திரையை நிறுத்திவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் இல்லை. மாத்திரையும் இல்லை, இனி சாமி மட்டும்தான் என்றாள்.

தொண்ணூற்று மூன்றில் வந்தது வினை. அவள் புருஷன் மாணிக்கவேல் செராமிக் கம்பெனியில் சூளைக்காரன். ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்லிவிடுவான். சிந்தாமணிக்கும் அங்கேதான் வேலை, இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைப்பது. முதலாளி கம்பெனியை மூடிவிட்டு நேபாளத்தில் யாரோடோ கூட்டுச் சேர்ந்து புதுச் சூளை போட்டார். மாணிக்கவேலைக் குடும்பத்தோடு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

"நம்ம ஒரு ரூபா அங்க ஒண்ணர ரூபாய்க்கு மேல போவுது மச்சான். வூட்டு வாடக கெடையாது. காய்கறி, அரிசி எல்லாம் மலிவு. பாஸ்போட்டுகூட வேணாம். நாலு வருசம் இருந்தா சொந்தமா ஒரு வூடு கட்டிறலாம்" என்றான்.

மங்கலம்பேட்டை சவாரிக்குப் போனபோது அங்கே சொன்னேன். வீட்டுக்கு ஒருத்தரை வளைகுடாவுக்கு அனுப்பியிருக்கிற ஊர் அது. "நேபாளத்துலேருந்து இங்க வாட்ச்மேன் வேலக்கி வராங்கண்ணே, உங்க மாப்ள அங்க போறாரா?" என்று கடைக்காரர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிட எரிச்சல் மாணிக்கவேல் செய்த காரியம். "நீ சரின்னா போவலாம், வேணாம்னா வேணாம். வெள்ளிக்கெழமைக்குள்ள மொதலாளிக்குச் சொல்லணும்" என்று முடிவை அவள் தலையில் கட்டிவிட்டான். குக்கருக்குப் பயப்படுகிறவளிடம் போய் நாடு விட்டு நாடு போகலாமா என்று கேட்டால்? அந்த வாரம் முழுக்க அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிரத் தின்னவில்லை.

"அண்ணே, வலிப்புக்கு அங்க என்னா சொல்லுவாங்க?"

"எனக்கென்னாடி தெரியும்?"

"நடுரோட்டுல புள்ள வுழுந்தா நான் என்னான்னு கத்துவேன்? யாருக்குப் புரியும்?" என்றவள், சற்றுப் பொறுத்து, "நேபாளம் எத்தன கிலோமீட்டருண்ணே? அங்கேருந்து பிராது கட்டுனா சாமி வருவாரா?" என்று கேட்டாள்.

சிரிக்க வேண்டிய கேள்விதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கண் அப்படி இருந்தது. பிராதைத் திறந்து போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனால் சாமி குற்றம். மூடிவிட்டுப் போய், அந்தக் கண்காணாத இடத்தில் பிள்ளைக்கு மறுபடி வந்துவிட்டால்? இதுதான் அவளைத் தின்றது. உண்மையைச் சொன்னால், கேட்கக் கேட்க எனக்கும் பயம் பிடித்தது. தாய்மாமன் என்று பேர், நான் இங்கே ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள், அன்பரசியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"வண்டிய எடுண்ணே. மணவாளநல்லூரு போவணும். பிராத வாபஸ் வாங்கிறலாம்."

"அப்போ போறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"சூள அணைஞ்சதுலேருந்து அந்த மனுசன் செவுத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்குறாரு. நான் பயந்துக்கிட்டே இருந்தா அவுரு என்னா ஆவாரு?"

கோயிலில் தாள் வாங்கி, என் முதுகில் வைத்து எழுதினாள். ‘என் மகள் அன்பரசிக்கு வந்த வலிப்பு நோய் முழுவதும் தீர்ந்துவிட்டபடியால் பிராதை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்.’ பக்கத்தில் நின்று அன்பரசி எழுத்துக் கூட்டாமல் படித்தாள். பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. கோயிலில் சீட்டு எழுதுகிறவர் கையை நீட்டினார். சிந்தாமணி தாளை நீட்டினாள். நடுவில் அன்பரசி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்காதம்மா."

"ஏன்டி?"

"சாமிகிட்ட பொய் எழுதிக் குடுக்கக் கூடாது."

"என்னா பொய்யி?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு இன்னும் வருதும்மா."

சிந்தாமணி நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். பிள்ளையை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய் நான்தான் கேட்டேன். ஒன்றரை வருஷமாக, எப்போதாவது ஒருமுறை, அதுவும் ஸ்கூலில். வருவதற்கு முன்னால் வயிற்றில் என்னவோ பண்ணுமாம். உடனே பக்கத்தில் உட்காரும் வெண்மதியிடம் சொல்லிவிடுவாளாம். வெண்மதி யாருக்கும் தெரியாமல் பின்பக்கம் கூட்டிப்போய், ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குப் பையை வைத்து, முடிகிறவரை கூடவே இருப்பாளாம். அதுவும் பதினொரு வயசுப் பிள்ளைதான்.

"டாக்டரு கேட்டப்போ வரலன்னியேடி! மாத்திரய நிறுத்திட்டாங்களேடி பாவி!" என்று சிந்தாமணி கையை ஓங்கினாள். நான் பிடித்துக்கொண்டேன். ஓங்கிய கை என் பிடியிலேயே தளர்ந்துபோனது.

"ஏன்டி சொல்லல? உனக்கு பயமா இல்லியாடி?"

"அதுக்கு பயம் இல்லம்மா. முழிச்சிப் பாக்கும்போது உன் மொகம் இருக்கும்ல, அதப் பாத்தாதான் எனக்கு பயமா இருக்கும். நான் செத்துப் போயிட்ட மாதிரி பாப்ப."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சீட்டு எழுதுகிறவரும் எழுந்து அப்பால் போய்விட்டார். சிந்தாமணி அந்தத் தாளை நான்காகக் கிழித்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"அண்ணே, இவ அப்பாகிட்ட நீயே சொல்லிடு. நேபாளம் வேணாம். இங்கயே வேற கம்பெனியில மண்ணு சொமந்தாலும் பரவால்ல. இப்ப பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு வுடு. இன்னிக்கே டாக்டர பாத்துறணும்."

ஆட்டோவில் அன்பரசி அம்மா மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். "கோவமாம்மா?" என்று அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். "கோவம் எதுக்குடி? வந்தா வருது, பாத்துக்கலாம்" என்றாள், குரலில் பிசிறே இல்லாமல். பிள்ளைக்குத் தெரியாமல் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய இடது கை மட்டும், பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருகிற வரைக்கும் உதறிக்கொண்டே வந்தது.