நாலாவது கிராதி

திருப்புளியின் பிடியால் மூன்று தட்டு. பிறகு மரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார் நிஷான் அகா. ஒன்றும் கேட்காது, கேட்டதுபோலத் தலையை ஆட்டுவார். அடுத்து கூர்முனையால் ஒரு குத்து. எவ்வளவு இறங்கியது என்று கட்டைவிரல் நகத்தால் அளந்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அடையாளம் போடுவார். வட்டம் என்றால் பழைய மரமே போதும். சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் கொடுத்தால் ஓடும். பெருக்கல் குறி என்றால் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும்.

அவர் முற்றத்துக்கும் பக்கத்து வீட்டு முற்றத்துக்கும் நடுவே ஆள் உயரத்தில் ஆறு மரக்கிராதிகள். கோடையில் அவற்றின்மேல் திராட்சை படரும். மூன்று வருஷமாகக் காலைத் தேநீருக்கு முன் இந்த வைத்தியம் நடக்கிறது. நேற்று வட்டம் வாங்கிய கிராதி இன்று பெருக்கல் வாங்கும், நாளைக்கு மறுபடி வட்டம். வேலி முழுக்க, கணக்கில் கோட்டைவிட்டவனின் நோட்டுப் புத்தகம்போல ஆகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வருபவர், நாலாவதின் முன்னால் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு நேரே ஐந்தாவதுக்குப் போய்விடுவார். நாலாவதில் ஒரு வருஷமாகப் புதுக் கோடு ஒன்றுகூட விழுந்ததில்லை.

முடிவெடுக்கத் தெரியாத மனுஷன் என்று நினைத்தால் தப்பு. எங்கள் மர்கிலான் ஊர் பஜாரில் தையல் மிஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மிஷினைக் கொண்டுவந்து வைத்தால் சக்கரத்தை ஒரே ஒரு சுற்று சுற்றுவார். "பொழைச்சிடும், வியாழக்கிழமை வா" என்பார். அல்லது "இது போய்ச் சேந்துடுச்சு, எடுத்துட்டுப் போம்மா" என்பார். மூன்றாவது பேச்சு கிடையாது. ஒரு பெண், அது தன் கல்யாணச் சீராக வந்த மிஷின் என்று கண்ணைக் கசக்கினாள். "சீருன்னா தொடச்சு அலமாரியில வை. தைக்கணும்னா வேற வாங்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மிஷினை இழுத்துக்கொண்டார்.

தொப்பியின் விளிம்பில் எப்போதும் நாலைந்து ஊசிகள் குத்தியிருக்கும். அவரைக் கட்டித் தழுவ வருகிறவர்கள் தெரிந்தவர்களாக இருந்தால் தலையைச் சாய்த்துக்கொள்வார்கள். உலகமே அவருக்கு மிஷின்தான். மனைவி ஹுல்கர் கத்தினால், "இன்னிக்கு நூல் திருகு இறுக்கமா இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

ஹுல்கர் கத்துவதற்குக் காரணம் உண்டு. குளிருக்கு மண்ணில் புதைத்துவைத்த திராட்சைக்கொடியை வசந்தத்தில் வரும் நவ்ரூஸ் பண்டிகைக்கு முன்னால் தோண்டியெடுத்துக் கிராதியில் ஏற்ற வேண்டும். தாமதித்தால் மண்ணுக்குள்ளேயே மொட்டு விடும். தூக்கும்போது மொட்டெல்லாம் உதிர்ந்து அந்த வருஷத்துத் திராட்சை அத்தோடு சரி. பண்டிகைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"ஏங்க, ஒண்ணு எண்ணெய் தடவுங்க, இல்ல ஒடச்சு அடுப்புல வைங்க. கல்யாணத்துக்கு என்னைப் பாக்க வந்தப்ப ஒரு கப் டீ குடிக்கறதுக்குள்ள சரின்னீங்களே! ஆறு கட்டைக்கு மூணு வருஷமா?"

"உன்னைக் குத்திப் பாக்க விடலையே" என்றார் அகா. அன்றைக்கு அவருக்கு மத்தியானச் சாப்பாடு கடைக்கு வரவில்லை.

இனி நாலாவது கிராதியின் கதை. அதில் இரண்டு பட்டைகள் எப்போதோ ஒடிந்து ஒரு ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் ஹுல்கருக்கும் பக்கத்து வீட்டு அக்கா ஸபோஹத் ஓபாவுக்கும் நடுவில் கிண்ணம் போய்வரும். இங்கிருந்து சூப் போகும். அங்கிருந்து அதே கிண்ணத்தில் உலர்ந்த சர்க்கரைபாதாமிப் பழம் வரும். அண்டை வீட்டுக் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தருகிறவள் எங்கள் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

போன நவ்ரூஸுக்கு இரண்டு பேரும் சேர்ந்து சுமலக் கிண்டினார்கள். முளைக்கட்டிய கோதுமைப் பாலை ஒரு பகல் ஒரு இரவு கைவிடாமல் கிண்ட வேண்டும். அடிபிடிக்காமலிருக்கச் சட்டியில் கூழாங்கல் போடுவார்கள். கல் போட்டும் அடிபிடித்தது. தெரு முழுக்கத் தீய்ந்த வாசனை. "என் முறையில நான் கொட்டக்கொட்ட முழிச்சிருந்தேன், குறட்டை கேட்டது உங்க முறையிலதான்" என்றாள் ஹுல்கர். "நான் கண்ணை மூடி துவா பண்ணினேன்டி" என்றாள் ஸபோஹத் ஓபா. அன்றைக்கு நின்றது பேச்சு. முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

ஆனால் சண்டை நடந்த அன்று ஓபாவின் நீலப்பூக் கிண்ணம் ஹுல்கர் வீட்டில் இருந்தது. காலியாகக் கொடுக்க முடியுமா? சம்சா வைத்து ஓட்டையில் நீட்டினாள். ஓபா கை மட்டும் வந்து வாங்கியது. சம்சாவைச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டால் கடன்காரி ஆகிவிட மாட்டாளா? இரண்டு நாளில் அவல்போல இடித்த வால்நட்டும் வெல்லமும் வந்தது. இப்படியே ஒரு வருஷம். பேச்சில்லை, முகமில்லை, கிண்ணம் மட்டும் ஒருநாள் நிற்கவில்லை. அது முதலில் யாருடையது என்பதே இப்போது சந்தேகம். தெருவைச் சுற்றிப்போய் வாசல் கதவைத் தட்டிக் கொடு என்றால் இரண்டு பேரும் செத்தாலும் போக மாட்டார்கள்.

பழசைச் சரிசெய்தாலும் ஓட்டையை அடைக்க வேண்டும். புதிதாக அடித்தாலும் ஓட்டை இருக்காது. அகா ஏன் நாலாவதின் முன்னால் செருமினார் என்று புரிகிறதா?

கடைசியில் ஹுல்கரே தச்சர் ஓர்தீக் உஸ்தாவை வரவழைத்துவிட்டாள். உஸ்தா வந்தார், அகாவின் திருப்புளியையே வாங்கி ஒவ்வொரு கிராதியிலும் ஒரு குத்து குத்தினார். பிடி வரைக்கும் இறங்கியது. உளுத்த மாவு கொட்டியது.

"அகா, இதுல மரம் எங்க இருக்கு? உங்க சாக்பீஸ்தான் தாங்கிப் பிடிச்சிட்டிருக்கு."

ஆறையும் பிடுங்கிப் போட்டார்கள். இரண்டு நாள் இரண்டு முற்றமும் ஒரே மைதானமாகக் கிடந்தது. அந்த இரண்டு நாளில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஹுல்கர் பச்சைப்பயறுக் கஞ்சியோடு வந்தாள். சுற்றிலும் வெட்டவெளி. நேரே நாலாவது கிராதி இருந்த இடத்துக்குப் போனாள். ஓட்டை இருந்த உயரத்துக்குக் குனிந்து, காற்றுக்குள் கிண்ணத்தை நீட்டினாள். எதிரில் ஓபாவும் அதே உயரத்துக்குக் குனிந்து, கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிமிர்ந்தார்கள். உஸ்தா வாயில் வைத்திருந்த ஆணி ஒன்று கீழே விழுந்தது. அகா தேநீரைக் கோப்பையிலிருந்து கெட்டிலுக்கும் கெட்டிலிலிருந்து கோப்பைக்கும் மாற்றிமாற்றி ஊற்றிக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஐந்து கிராதிகள் நின்றுவிட்டன. நாலாவது மட்டும், உஸ்தா மரம் அறுக்கும் மரக்குதிரைச் சட்டத்தின்மேல் படுத்திருந்தது. புது மரத்தின் வாசனை. உஸ்தா குரலை உயர்த்தினார்.

"இதுல ஏதோ ஓட்டை இருந்துச்சே. அடைச்சே அடிச்சிடட்டுமா?"

"அடைச்சிடுங்க உஸ்தா!" சமையலறைக்குள்ளிருந்து ஹுல்கர். "சில பேர் குறட்டைச் சத்தம் இங்க வரைக்கும் வருது."

"நல்லா நெருக்கிப் போடுங்க உஸ்தா!" அந்தப் பக்கத்திலிருந்து ஓபா. "இங்க தீய்ஞ்ச வாசனை இன்னும் போகல!"

உஸ்தா சுத்தியலோடு அகாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க அகா. உங்க வீடு."

அகா எழுந்தார். திருப்புளியைத் தொடவில்லை, காதையும் வைக்கவில்லை. உள்ளே போய், காலையில்தான் நிரம்பி வந்து காலியாகி, கழுவிக் கவிழ்த்திருந்த நீலப்பூக் கிண்ணத்தை எடுத்துவந்தார். படுத்திருந்த நாலாவது கிராதியின் நட்டநடுவில் அதைக் கவிழ்த்துவைத்தார். சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கிண்ணத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

கிண்ணத்தைத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து வட்டத்துக்குள் வைத்துப் பார்த்தார். விரல்கள் கோட்டுக்கு வெளியே நின்றன. முதல் வட்டத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, இன்னும் பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.