முத்துவடிவு கொடுத்த வாக்கு

குத்துக்கல்வலசையில் முத்துவடிவு அக்காவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: குடித்துவிட்டு வந்து அடித்த புருஷனை நடுத்தெருவில் திருப்பி அடித்து விரட்டியவள். அப்படிப்பட்டவளுக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை கிடைத்ததுதான் வேடிக்கை.

மருத்துவ மாணவர்கள் படிப்பிலும் பணியிலும் எவ்வளவு நொந்து போயிருக்கிறார்கள் என்று அளக்க வெளிநாட்டு வினாத்தாள் ஒன்று உண்டு. அதைத் தமிழாக்கி, இங்குள்ள பிள்ளைகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் இதே கூத்து நடந்தது. எங்களுக்குத் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். அங்கே பயிற்சிக்கு வந்த மாணவர்கள் ஒவ்வொரு வரியாகப் படித்து மனதில் பட்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அக்கா எதிரே உட்கார்ந்து கேட்பாள். முகத்தில் எதையும் காட்டக் கூடாது. பேசியது வெளியே போகாது என்று முதலிலேயே வாக்குக் கொடுப்பாள். நான் மூலையில் கணினியில் தட்டிக்கொண்டிருப்பேன்.

‘நோயாளிகள் மேல் எனக்கு இரக்கம் வற்றிவிட்டது’ என்று ஒரு வரி. எல்லோரும் ‘ஒருபோதும் இல்லை’ என்றார்கள். உத்தமர்கள்! “தமிழ்ல இந்த வரி வேலையே செய்யல” என்று ஆராய்ச்சியை நடத்திய மீனா டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. எதிரே அக்கா ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளை அதை ஒப்புக்கொள்ளும்?

விஜயசங்கர் என்ற மாணவன் மட்டும் ஒப்புக்கொண்டான். குற்றாலத்தில் சீசன் நேரம். அன்று காலை, தடை போட்ட பாறையில் ஏறி வழுக்கி விழுந்த சிறுவன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. பணியில் இருந்தவன் விஜயசங்கர். இரவெல்லாம் விழித்தவனைத் தூங்க விடாமல் நேரே எங்கள் அறைக்கு அனுப்பிய புண்ணியவான் யாரோ.

அந்த வரியில் நின்றான். “அக்கா, அந்தப் பையனோட அப்பா என் சட்டையப் பிடிச்சுக் கத்துதாரு. எனக்குப் பாவம்னே தோணல. வாயில ஓங்கி ஒண்ணு போடணும்னுதான் தோணுச்சு.”

அக்கா முகம் அசையவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவை உடைத்துக்கொண்டு நாலைந்து பேர் உள்ளே வந்தார்கள்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்த உடம்போடு, ஈர வேட்டியோடு அப்படியே வந்திருந்தார்கள். முன்னால் செத்த பையனின் அப்பா. “எம் புள்ளயப் பாக்காமக் கொன்னுட்டு இங்கன உக்காந்து கதை பேசுதியாலே?” விஜயசங்கரின் தலையை மேஜையில் மோதினார்கள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அக்கா அவர்களைப் பிடித்து இழுத்தாள். எண்ணெய் உடம்பில் கை வழுக்கிக்கொண்டே போனது. இரும்பு ஸ்டூலைத் தூக்கிச் சுழற்றினாள். ஒருவனுடைய முழங்கை முறிந்த சத்தம் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த எனக்கே கேட்டது. மற்றவர்கள் ஓடினார்கள். அப்பா மட்டும் கால் வழுக்கிக் கீழே கிடந்தார்.

விஜயசங்கர் எழுந்தான். கிடந்தவரின் வாயில் ஷூ காலால் மிதித்தான். மறுபடியும் மிதித்தான். பல் தெறித்தது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. அக்கா அவன் முடியைப் பிடித்து இழுத்து அறைந்தாள்.

“ஏலே, புள்ளயப் பறிகுடுத்த மனுசன்லே அவரு!”

அவர் ரத்தத்தைத் துப்பினார். “மிதிக்கட்டும் தாயி. நாந்தான் அவனப் பாறையில ஏறச் சொன்னேன்.”

போலீஸ் வருவதற்குள் விஜயசங்கர் அக்கா கையைப் பிடித்துக்கொண்டான். “மிதிச்சத மட்டும் சொல்லாதீங்கக்கா. என் படிப்பே போயிரும். வாக்குக் குடுத்தீங்கல்ல?”

“பேசினதுக்குத்தாம்லே வாக்கு. செஞ்சதுக்கு இல்ல.”

இன்ஸ்பெக்டரிடம் தான் ஸ்டூலால் அடித்ததைச் சொன்னாள். அவன் மிதித்ததையும் சொன்னாள். ஆனால் அந்த அப்பாவோ, “யாரும் மிதிக்கல சார், நான்தான் விழுந்தேன்” என்றுவிட்டார். நானும் பார்த்தேன் என்றேன். அலமாரிக்குப் பின்னால் இருந்தவனுக்கு என்ன தெரியும் என்றார்கள்.

“ஏம்மா, அவரே இல்லங்காரு. நீ என்ன பொய் சொல்லுத?” என்றார் இன்ஸ்பெக்டர். “அவர அடிக்கணும்னு இந்தப் பையன் முன்னாடி ஏதும் பேசினானா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சொன்னது எடுபட்டிருக்கும். விஜயசங்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அங்க பேசினத நான் சொல்லுததுக்கில்ல சார்.”

மற்றதெல்லாம் சமாதானமாகிவிட்டது. முழங்கை வழக்கு மட்டும் அக்கா மேல் நிற்கிறது. வேலையும் போனது. மீனா டாக்டர் அந்த வரியைத் தமிழ்த் தாளிலிருந்து எடுத்துவிட்டார். பாதியில் நின்ற விஜயசங்கரின் பதில் கணக்கில் சேரவில்லை; இங்கே யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லையாம். விஜயசங்கர் டாக்டராகிவிட்டான். அவன் சொன்னதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

நான் சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுத்தவள் அவள்தான், நான் இல்லை.